உப்பு இருந்தால் தோண்டலாம்

ஊரில் யார் யார் எங்கெங்கே ஒன்றுக்குப் போகிறார்கள் என்பது என் வீட்டுக்காரருக்கு அத்துப்படி. ஒரு வீட்டுக்குள் நுழைந்து, மூலையில் குந்தி, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடினால் போதும், அந்த வீட்டின் இருபது வருஷத்துச் சரித்திரம் அவருக்குள் இறங்கிவிடும். அவர் தொழில் வெடியுப்பு எடுப்பது. அந்த உப்பு இல்லாமல் கரியையும் கந்தகத்தையும் விடிய விடிய இடித்தாலும் பீரங்கி தும்மக்கூடத் தும்மாது. அது விளைவதோ மனுஷனும் மாடும் குதிரையும் வருஷக்கணக்காக நனைத்த மண்ணில். ராஜாக்கள் சண்டை போட ஊரார் மூத்திரம் வேண்டும் என்று யாரும் கல்வெட்டில் வெட்டி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் அவர் ஆசையாக என் பக்கம் திரும்பும்போதெல்லாம் "வாய் கொப்பளிச்சாச்சா?" என்று கேட்பேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் கேட்கிறேன். அவர் கொண்டுவரும் மண்ணைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, அடியில் வடிகிற பழுப்பு நீரைச் சாம்பல் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, ஊசி ஊசியாக உறைகிற உப்பை அள்ளுவது என் வேலை. நல்ல உப்பு நாக்கில் பட்டதும் ஜில்லென்றிருக்கும், பிறகு சுருக்கென்று குத்தும், கடைசியில் லேசாகக் கசக்கும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தச் சுவரோரம் வெள்ளையாகப் பூத்திருந்தாலும் என் விரல் தானாகப் போய்த் தடவிவிடும், தடவிய விரல் தானாக வாய்க்கு வந்துவிடும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட இப்படிச் செய்து, வாசலில் இருந்தவர்களெல்லாம் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்திருக்கிறார்கள்.

சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. அரசு முத்திரை வைத்த தோண்டும் ஆணை ஒன்று எங்களிடம் உண்டு. அதைக் காட்டினால் மாட்டுக் கொட்டில், புறாக்கூடு, படுக்கையறை எதையும் முழங்கால் ஆழம் தோண்டலாம். தெருத் தெருவாக முறை வைத்து வருவோம். உப்பு ஊற வேண்டும் என்பதற்காக யாரும் வீட்டுக்குள் கல் பாவக் கூடாது, சுண்ணாம்புத் தளம் போடக் கூடாது, வெறும் மண்தரைதான். மழைக்காலத்தில் பிள்ளைகள் ஈரத்தில் படுத்து இருமுவார்கள். மீறிக் கல் போட்டால் கல்லையும் பெயர்ப்பார்கள், போட்டவனையும் உள்ளே தள்ளுவார்கள். எங்களைக் கண்டால் ஊரே கதவைச் சாத்தியது என்றால் அதற்குக் காரணம் வெறும் நாற்றம் இல்லை.

போன வருஷம் ஒரு ரசாயனப் பண்டிதர் கண்ணாடியும் குடையுமாக வந்து இறங்கினார். காற்றில் உள்ள ஏதோ ஓர் ஆவி மண்ணில் உள்ள ஏதோ ஒரு சத்தோடு கூடி இந்த உப்பைப் பெறுகிறது என்று தடிப் புத்தகத்திலிருந்து படித்துக் காட்டினார். சாணத்தையும் வைக்கோலையும் சுவர் போல அடுக்கி நனைத்துக்கொண்டே இருந்தால் வீடுகளைத் தோண்டவே வேண்டாம், இரண்டு வருஷத்தில் உப்பு தயார் என்றார். எதால் நனைப்பது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பண்டிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது புத்தகத்தில் அடிக்குறிப்பில் இருக்கிறது என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் சண்டை மூண்டுவிட்டது, சண்டைக்கு இரண்டு வருஷம் பொறுக்கத் தெரியாது.

இனி என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா. சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். வாசலில் காகம் எச்சமிட்டால் காகத்தைக் கூப்பிட்டுக் கழுவச் சொல்லுகிற ஆள். எனக்கு அவர் வைத்த பெயர் மூத்திரங்காய்ச்சி. இருபத்திரண்டு வருஷத்தில் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. வந்தால் நின்றுகொண்டே பேசிவிட்டு, நின்ற கையோடு போய்விடுவார். நானும் அவர் முதுகுக்குப் பின்னால் முகத்தைக் கோணிக்காட்டுவதோடு சரி.

அவருக்கு ஒரே மகள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை ஆறாம் மாதத்தில் கலைந்துவிட்டது. மூன்றாவது இப்போது எட்டாம் மாதத்தில் இருந்தது. மருத்துவச்சி கட்டிலைக் காட்டி, "பிள்ளை பொறக்கிற வரைக்கும் இவ இதை விட்டு இறங்கக் கூடாது. கட்டிலைத் தூக்குறேன், நகர்த்துறேன்னு ஒருத்தரும் கிட்ட வரக் கூடாது. அசைஞ்சா இதுவும் தங்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பெண்ணின் புருஷன் பீரங்கிப் படையில் இருந்தான். அவள் கூரையைப் பார்த்தபடி நாளை எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

இந்த நேரத்தில்தான் வெடிமருந்துக் கிடங்கு அதிகாரி எங்கள் கொட்டகைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், சிரித்தால் வரி போட்டுவிடுவார்களோ என்று பயந்தவர் மாதிரி முகம். மாதக் கடைசிக்குள் பன்னிரண்டு பீப்பாய் உப்பு தர வேண்டும், ஒன்பதுதான் இருந்தது.

"மூணு பீப்பாய் குறையுது. குறைஞ்சா ஆணையைப் பிடுங்கிட்டு உன்னை மூட்டை தூக்கப் போர்முனைக்கு அனுப்பச் சொல்லியிருக்காங்க. அடுத்து எந்தத் தெரு?" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

பட்டியலைப் பார்த்தோம். அடுத்தது நாத்தனார் வீடு.

"அக்கா வீட்டுல ஒண்ணும் இருக்காதுங்க. ரொம்பச் சுத்தம்" என்றார் இவர். உண்மையில் அதை நம்பித்தான் இருந்தார், முந்தைய முறைகளில் நாக்கில் வைத்துப் பார்க்காமலே விட்டிருந்தார். உப்பில்லாத தரை என்றால் பட்டியலில் கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம், அதற்கும் சட்டத்தில் இடமிருந்தது. ஆனால் அதிகாரி லேசில் விடுகிற ஆளா? நானும் வருகிறேன் என்று கரிச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். வெடியுப்புள்ள மண்ணைத் தணலில் போட்டால் சுர்ரென்று பொறி பறக்கும். தம்பியின் நாக்கு அக்காவுக்காகப் பொய் சொல்லலாம், தணல் சொல்லாது.

நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களை வரவேற்றார்.

"தாராளமாப் பாருடா தம்பி. மூலை முடுக்கெல்லாம் நக்கிப் பாரு. என் வீட்டுத் தரையில ஒரு சொட்டு விழுந்திருந்தா என் பேரை மாத்திக்கிறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எல்லா வீடும் உன் வீடு மாதிரியாடி இருக்கும்?" என்று ஒரு குத்தும் குத்தினார்.

முன்கட்டில் ஒன்றுமில்லை. அடுப்படியில் ஒன்றுமில்லை. பெண் படுத்திருந்த அறைக்குப் போய், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து, சுவர் மூலையிலிருந்து ஒரு சிட்டிகையை இவர் நாக்கில் வைத்தார். அவ்வளவுதான், கண் சொக்கிப்போனது. அப்படி ஒரு ருசியை நான் அவர் முகத்தில் என்னைப் பார்க்கும்போதுகூடப் பார்த்ததில்லை. அக்கா வீடு என்று நினைவு வந்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா?" என்றார் அக்கா.

அதிகாரி கையை நீட்டி அந்த மண்ணை வாங்கித் தணலில் போட்டார். அறை முழுக்கப் பொறி பறந்தது.

பெண்தான் மெதுவாக வாயைத் திறந்தாள். "அம்மா, அப்பா... நீ கழுவிவிட்ட முற்றத்துல கால் வெச்சா நீ கத்துவேன்னு, இருட்டுல இங்கேயே தான்... எனக்குத் தெரியும். சொல்லாதேன்னு சொல்லியிருந்தாரு."

இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, பெண்டாட்டிக்குப் பயந்து படுக்கையறை மூலையிலேயே காரியத்தை முடித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார் மனுஷன். இருபத்திரண்டு வருஷம் நான் காத்திருந்த நாள் அது. ஊரைக் கூட்டிச் சிரித்திருக்க வேண்டும். நாத்தனார் முகம் சுண்டிப்போய், வாய் திறந்தபடி நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. பெண் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

"மூணு பீப்பாய் தேறும். நாளை மறுநாள் ஆளுங்களோட வர்றோம். கட்டிலை எடுத்துடுங்க" என்றார் அதிகாரி.

"கட்டிலை அசைச்சாப் பிள்ளை போயிடும்யா" என்று நான் கத்தினேன்.

"இவ புருஷனோட பீரங்கி மருந்தில்லாம கிடக்குது. அங்கே அவன் போயிடுவான். எது பரவாயில்லைன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். பாவி, அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. விருப்பமில்லை என்றால் நாளைக்கு நீதிமன்றத்தில் முறையிடலாம் என்றும், தடையுத்தரவு வாங்கி வந்தால் வேறு மண் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆணை வைத்திருப்பவர் தன் ஆணைக்கு எதிராகத் தானே முறையிட முடியாது என்பதால் இவர் போக முடியவில்லை. நாத்தனாரும் நானும் போனோம். வழி முழுக்க அவர் எனக்கு முன்னால் நாலடி தள்ளியே நடந்தார். நீதிமன்ற வாசலுக்கு வந்ததும் நின்று, திரும்பாமலேயே, "எனக்குப் பேச வராதுடி. நீ பேசு" என்றார். பேச வராதாம்!

நீதிபதி பெரிய உருவம். காலையில் வந்து நாற்காலியில் அமர்ந்தால் பிற்பகல் வரை எழுந்திருக்க மாட்டார் என்பது ஊரறிந்த பெருமை. ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம், தொடர்ந்து வழக்குக் கேட்பார். நடுநடுவே செம்பு செம்பாக மோர் குடிப்பார். அப்படியும் எழுந்திருக்க மாட்டார். கடமையுணர்ச்சி என்று வக்கீல்கள் புல்லரித்துப் போவார்கள். அவருக்கு முன்னால் மார்பளவுக்கு ஒரு பலகைத் தடுப்பு, பின்னால் சுவர், உடம்பைச் சுற்றித் தரை வரைக்கும் தொங்குகிற கறுப்பு அங்கி. கீழே எல்லா வீட்டையும் போல மண்தரை.

எங்கள் முறை வர நேரமானது. கால் கடுத்ததால் நான் தடுப்பின் ஓரமாகச் சாய்ந்து நின்றேன். பலகை தரையைத் தொடும் இடத்தில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி, ஒரு சாண் உயரத்துக்குப் பூத்திருந்தது. பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. விரல் போனது, தடவியது, வாய்க்கு வந்தது. ஜில்லென்றது. சுருக்கென்றது. லேசாகக் கசந்தது.

"அடேங்கப்பா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"என்னம்மா சத்தம்?" என்றார் நீதிபதி.

"ஒண்ணுமில்லீங்கய்யா. கட்டடம் பிரமாதமா இருக்குன்னு சொன்னேன்."

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பில் அதிகாரி வந்து நின்றார். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். பெண்ணைச் சொன்னேன், போன இரண்டு பிள்ளைகளைச் சொன்னேன், மருத்துவச்சி சொன்னதைச் சொன்னேன். நாற்பது நாள் பொறுத்தால் நாங்களே மண்ணை வாரிக்கொடுக்கிறோம் என்று கெஞ்சினேன். நாத்தனார் என் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் தொட்ட பாத்திரத்தைத் தொடாதவர்.

நீதிபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "பரிதாபமான விஷயம்தான். ஆனா சட்டத்துக்குக் கண்ணீர் தெரியாது. நாட்டுக்கு ஆபத்து வந்திருக்கற நேரத்துல என் தரை, உன் தரைன்னு பேச்சே கிடையாது. யாருடைய தரையானாலும் சரி, உப்பு இருந்தா தோண்டலாம். அங்கே படுத்திருக்கறவங்க எழுந்துதான் ஆகணும்."

நாத்தனார் கை என் முந்தானையிலிருந்து நழுவியது. எனக்குக் கொஞ்சம் பயம், நிறையக் கோபம். ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

"புரியலீங்கய்யா, படிக்காதவ. யாரோட தரையானாலுமா?"

"யாரோட தரையானாலும்."

"படுத்திருந்தா எழுந்திருக்கணும். உட்கார்ந்திருந்தாங்கன்னா?"

"அவங்களும்தான் எழுந்திருக்கணும். இதுல என்ன சந்தேகம்?"

"அவங்க பெரிய மனுஷங்களா இருந்தாங்கன்னா?"

"சட்டத்துக்கு முன்னால பெரியவன் சின்னவன் கிடையாதும்மா!" என்று மேஜையைத் தட்டினார். வக்கீல்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கைகூடத் தட்டிவிட்டார்.

"குமாஸ்தையா, அப்படியே எழுதிட்டீங்களா?" என்றேன். குமாஸ்தா எழுதி, மை உலர மணல் தூவி, முத்திரை வைப்பதற்காகத் தன் பக்கத்திலிருந்த சின்னக் கரிச்சட்டியில் அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். முத்திரை விழும் வரை பொறுத்திருந்தேன். விழுந்ததும் குனிந்து, தடுப்புக்கு அடியில் பூத்திருந்ததை ஒரு பிடி வழித்து, அந்தக் கரிச்சட்டியில் போட்டேன்.

சுர்ரென்று ஒரு முழ உயரத்துக்கு ஊதாவும் வெள்ளையுமாகச் சீறியது. குமாஸ்தாவின் மீசையில் பாதி அன்றைக்கே போனது.

"ஐயா," என்றேன், "கொஞ்சம் எழுந்திருக்கீங்களா?"

எல்லார் கண்ணும் தடுப்பின் அடியைப் பார்த்தது, பிறகு மோர்ச் செம்பைப் பார்த்தது, பிறகு மரியாதை கருதிக் கூரையைப் பார்த்தது. அதிகாரி ஒருவர்தான் மரியாதை பார்க்கவில்லை. அவர் ஏற்கெனவே மண்டியிட்டு, தடுப்பின் நீளத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"மூணு... மூணரை பீப்பாய்" என்றார் கனவில் பேசுகிறவர் மாதிரி. அந்த மனிதருக்கு வேண்டியது உப்பு, அது யாருடையது என்பதில் அவருக்கு எந்த ஓரவஞ்சனையும் இல்லை.

நீதிபதியின் முகம் செவசெவவென்று ஆனது. "இது நீதிமன்ற அவமதிப்பு! இவளை..." என்று ஆரம்பித்தார்.

நான் தடுப்பை ஒட்டிப் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "உள்ளே தள்ளுங்கய்யா. ஆனா விசாரணைன்னு வந்தா எங்க வீட்டுக்காரர் வந்து சாட்சி சொல்லணுமே. அவருக்கு ஒரு சிட்டிகை போதும். எத்தனை வருஷத்துச் சரக்கு, மனுஷனா மாடா, குடிச்சது மோரா தண்ணியான்னு புட்டுப் புட்டு வெச்சிடுவாரு. பொய் சொல்லத் தெரியாத நாக்கு அவருக்கு."

நீதிபதி மோர்ச் செம்பைத் தள்ளி வைத்தார். பிறகு மெல்ல, நாற்காலியின் இரண்டு கையையும் ஊன்றி, எழுந்தார். நீதிபதியாக இருந்த பதினோரு வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் எழுந்து நின்றதை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

"இந்தக் கட்டடம் முன்னாடி குதிரை லாயமா இருந்ததுன்னு கேள்வி," என்றார் சபையைப் பார்த்து.

"ஆமாங்க, ஆமாங்க, லாயம்தான்" என்றார்கள் வக்கீல்கள் ஒரே குரலில். குதிரைகள் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லியிருக்கும் போலிருக்கிறது. பட்டியலில் நாத்தனார் வீட்டுக்கு நேரே 'அடுத்த முறைக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று குமாஸ்தா எழுதுவதை மட்டும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எட்டு நாள் தோண்டினோம். எட்டு நாளும் நீதிமன்றம் வெளியே மரத்தடியில் நடந்தது. மறைவுக்குத் தடுப்பு கிடையாது என்பதால் நீதிபதி மணிக்கொருதரம் எழுந்து கட்டடத்தின் பின்பக்கம் போய்வர வேண்டியிருந்தது. அதனால் வழக்குகள் மளமளவென்று முடிந்தன. நாலு வருஷமாக இழுத்த ஒரு வரப்புத் தகராறு அரை மணியில் தீர்ந்து, இரண்டு தரப்பும் யார் ஜெயித்தது என்று தெரியாமல் வீட்டுக்குப் போனார்கள். அந்த மண்ணைக் காய்ச்சியபோது உறைந்த உப்பைப் போல ஒரு தரம் எங்கள் கொட்டகை அதுவரை கண்டதில்லை. ஊசி ஒவ்வொன்றும் விரல் நீளம். என் வீட்டுக்காரர் ஒன்றைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "என்ன இருந்தாலும் படிச்ச மனுஷன்" என்றார்.

ஒன்பதாம் நாள் நீதிபதி புதிதாக ஓர் உத்தரவு எழுதினார். நீதிமன்றம் என்பது வீடு ஆகாது, ஆகவே அங்கே கல் பாவத் தடையில்லை. மறுநாளே வண்டி வண்டியாகக் கல் வந்து இறங்கி, தரை பளபளவென்று ஆகிவிட்டது. எங்கள் தெருப் பிள்ளைகள் அப்போதும் ஈரத்தில் படுத்து இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மீந்து கிடந்த கல்லில் ஒன்றை, பட்டப்பகலில், சேவகர் முன்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொல்லையில் போட்டு வைத்தேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது.

பெண்ணுக்கு மாதம் நிறைந்து ஆண் பிள்ளை பிறந்தது. அழுத அழுகையில் தெருவே எழுந்தது. நான் மூலையில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். தகப்பன்காரன் அடுத்த மாதம் திரும்பினான், பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது போயிருந்தது. எங்கள் உப்புதான் அந்தக் காதைக் கொண்டுபோனது என்று அவன் சொல்லவில்லை. எனக்கு யாரும் சொல்லத் தேவையும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் என்னென்ன போனதென்று கணக்கெடுக்க யாரையும் காணோம்.

ஒரு நாள் சாயங்காலம் நாத்தனார் பேரனைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொல்லைக்கு வந்தார். வழக்கம்போல நிற்பார் என்று நினைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு தொட்டி மேல் உட்கார்ந்தார்.

"தாகமா இருக்குடி. ஒரு செம்பு தண்ணி குடு."

"எங்க வீட்டுச் செம்புலயா அண்ணி?"

"பின்னே, கையையா ஏந்தச் சொல்றே?"

கொண்டுவந்து கொடுத்தேன். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தார். நான் அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பயல் காலை உதைத்து முகத்தைச் சுளித்தான். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிட்டது. தொழில் புத்தி, எங்கே போகும்? "மண்ணு பக்கமாப் பிடி, மண்ணு பக்கமா!" என்று ஓடிவந்தார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் நாலு எட்டில் அந்தக் கல்லுக்குப் போனேன். அதன் மேல் அவனைப் பிடித்தேன். கல்லில் விழுவது மண்ணில் ஊறாது, ஊறாததில் உப்பு பூக்காது.

"ஏய், வீணாப் போகுதே!" என்றார் இவர்.

"போகட்டும். இவனோடது ஒரு சொட்டு பீரங்கிக்குக் கிடையாது" என்றேன்.

அவன் சாவகாசமாகப் போய் முடித்தான். நாத்தனார் எழுந்து வந்தார், செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றி, காலால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டார்.